முக்கால் மணி நேரம்

சின்னையாவுக்கு,

நீ பம்பாய்க்குக் கிளம்பிய அன்று நான் ஏன் வழியனுப்ப வரவில்லை என்று கேட்டு எழுதிய கார்டு வந்து சேர்ந்தது. நான்கு வரிதான் எழுதியிருக்கிறாய், நாலிலும் கோபம். நியாயமான கோபம்தான். ஊரில் பாதிப் பேர் உனக்கு மாலை போட்டு இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருக்கிறார்கள், பெற்ற தகப்பனை மட்டும் காணவில்லை. நீ என்ன தப்புச் செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, செய்தவன் நான். அதைச் சொல்லத்தான் இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுகிறவனுக்குக் கன்னத்து வீக்கம் இன்னும் வற்றவில்லை, முன் பல் இரண்டு போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதும் இதிலேயே வரும். கூட இருக்கிற பையன்கள் முன்னால் இதைப் பிரிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் விருந்தில், நீ சேரப்போகிற கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் இயந்திரத்தைப் பற்றி யாரோ கேட்டார்கள். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாய். "அதுக்குப் பேரு கம்ப்யூட்டரு பெரியப்பா. ஒரு ரூம் அளவுக்கு இருக்கும். நூறு பேரு ஒரு மாசம் உக்காந்து போடுற கணக்க ஒரே நாள்ல போட்டுரும். மனுசன் போட்டாத்தான் தப்பு வரும். அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கெடையாது. அது ஒண்ணு சொல்லிருச்சுன்னா மேனேஜரே மறுத்துப் பேச முடியாது." பங்காளிகள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருவர், "நம்ம ஊரு மணி மாதிரின்னு சொல்லு" என்றார். நீ சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஆமா, அப்பா மணி மாதிரிதான்" என்றாய். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து போய்க் கொல்லையிலேயே நின்றுவிட்டேன். கேட்டவர்களிடம் அஜீரணம் என்று சொல்லிவைத்தேன்.

நீ சொன்ன அதே வார்த்தைகளை, கம்ப்யூட்டர் என்ற பேரை மட்டும் விட்டுவிட்டு, பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். அதை நம்பித்தான் உன் சித்தப்பன் செத்தான். உன் தாய்மாமன் ஜெயிலுக்குப் போனான். உன் ஆத்தா எட்டு வருஷம் என்னோடு பேசாமலே இருந்து போய்ச் சேர்ந்தாள். நீ அந்தக் கொலையைப் பற்றி ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறாய். ஊராருக்கு நான் சொன்னது மட்டும்தான் தெரியும். உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். மழை குறைந்த வருஷங்களில் நம் கண்மாய் மடையைப் பகலில் மட்டும் திறந்து, குடும்பத்துக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது வழக்கம். அப்போதெல்லாம் நேரத்தை அளந்து சொன்னவர் அடைக்கலம். நிழல்தான் அவருக்குக் கடிகாரம். கரைமேல் நின்று தன் நிழல் முடிகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து அடி அளப்பார். காலை முறையென்றால் நிழல் இத்தனை அடியாகக் குறைந்ததும் தண்ணீர் அடுத்தவனுக்குத் திரும்பும். வேண்டியவன் முறையில் அவர் அடிகளுக்கு நடுவே நெல்மணி போக இடம் இருக்காது, எண்ணிக்கை கூடும், நேரம் நீளும். வேண்டாதவன் முறையில் இரண்டு அடிக்கு நடுவே எலி ஓடும். ஊருக்கே தெரியும். அதனால் மழை குறைந்த வருஷமெல்லாம் மடையடியில் ஒரு மண்டையாவது உடையும்.

நான் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தது, புதுக்கோட்டைச் சமஸ்தானம் முடிந்து நாம் எல்லாரும் ஒரே நாட்டுக்காரர்கள் ஆன வருஷம். அதற்கு அடுத்த வருஷமே மழை பொய்த்தது. நம் முறையில் அடைக்கலம் காலை அகட்டி வைத்தார். உன் சித்தப்பன் கருப்பையாவுக்கு எப்போதும் முன்கோபம், எனக்கு அவனைவிட ஒரு பிடி அதிகம். நான் அடைக்கலத்தின் கழுத்தை முழங்கையால் இறுக்கிக் கரையில் மல்லாத்தினேன். "இந்தக் காலுதானே அளக்குது" என்று சொல்லிக்கொண்டே கருப்பையா மடைக்கல் ஒன்றைத் தூக்கி அவர் வலது பாதத்தில் போட்டான். ஒரு தடவை போட்டதில் ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டாம் தடவையும் போட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அடைக்கலம் தாத்தா மாடு முட்டி நொண்டியானார் என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். நாங்கள்தான் அவரை நொண்டியாக்கினோம். அளக்கிற கால் போய்விட்டது, ஊருக்கு ஓர் அளவு வேண்டும், என்னிடம் ஒரு கடிகாரம் இருந்தது. நம் ஊருக்கு மணி வந்த கதை இவ்வளவுதான்.

பட்டாளத்திலிருந்து வரும்போது திருச்சியில் வாங்கிய டைம்பீஸ் அது. பச்சைப் பெயிண்ட் அடித்து, இருட்டில் ஒளிரும் முள் வைத்தது. ஊர்க்கூட்டத்தில் அதை உயரத் தூக்கிக் காட்டினேன். "இதுக்குப் பங்காளி கெடையாது, மாமன் மச்சான் கெடையாது, காலும் கெடையாது. மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது" என்றேன். கைதட்டினார்கள். கரையோரத்துப் புளியமரத்தில் ஒரு முழத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டோம். காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, சாயங்காலம் ஆறு என்று நான்கு முறை நான் அடிப்பேன், ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் கைமாறும். உள்ளதைச் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் மடையடியில் ஒரு சொட்டு ரத்தம் விழவில்லை. அதனால்தான் இதை உனக்கு விளக்குவது கஷ்டமாக இருக்கிறது. கடிகாரம் நல்லதுதான் செய்தது.

ஊரும் அதற்கேற்ப மாறிப்போனது. பெண்கள் தண்டவாளச் சத்தம் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். பிள்ளை பிறந்தால் பல் விளக்காமல்கூட என் வாசலுக்கு ஓடிவந்து நேரம் கேட்டார்கள், ஜாதகம் எழுத. சாமி புறப்பாட்டுக்குப் பூசாரி என் முகத்தைப் பார்த்து நின்றார். பசிக்கிறது என்று அழுத குழந்தையிடம், "மணி அடிக்கலையே, அதுக்குள்ள என்ன பசி" என்று ஒருத்தி அதட்டியதை என் காதால் கேட்டேன். வானத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கமே ஊரில் நின்றுபோனது. என் பேரும் போய் நான் மணிக்காரர் ஆனேன். எனக்குத் தலை கனத்தது. கடிகாரம் ஓட நான் தினமும் சாவி கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கு மறந்துபோனது. போகப்போக எனக்கே மறந்துபோனது.

அந்த மார்கழி உனக்கு நினைவிருக்கும், உனக்கு ஒன்பது வயது. கதிரில் பால் பிடிக்கிற நேரம், கண்மாயில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அன்று ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உன் அம்மான் வேலுவின் முறை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கருப்பையாவுக்கு. வேலுவுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தோம், அந்த நெல்லை நம்பித்தான். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் ஒன்பது மணி அடித்துவிட்டு, கொல்லையில் மாட்டுத் தொட்டிக்குக் கல் கட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் புதுக்கோட்டை போய் வந்த அலுப்பில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் படுத்துவிட்டேன். உன் ஆத்தா உள்ளேயிருந்து வந்து, "ஏங்க, கடியாரம் நின்னு கெடக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். முள் பத்து பத்தில் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரியவில்லை. வாசலில் இறங்கி நிழலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மணிக்காரன் நிழலைப் பார்ப்பதாவது என்று எனக்கு ரோஷம். அந்த நேரம் ரோட்டு வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகிற பதினோரு மணி பஸ் அந்த வளைவில்தான் ஹாரன் அடிக்கும். சாவி கொடுத்து, முள்ளைப் பதினொன்றில் நிறுத்திவிட்டு மறுபடி கல் கட்டப் போனேன்.

கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டும்போது மறுபடியும் ஹாரன் கேட்டது. உன் ஆத்தா அடுப்படியிலிருந்து வந்தாள். "மொத வந்தது கல்லு ஏத்துற லாரிங்க. நான் தண்ணிக்குப் போறப்ப பாத்தேன். பஸ்ஸு இப்பத்தான் போவுது" என்றாள். பஸ் லேட்டு என்றேன். "லேட்டு இல்லைங்க, வெயிலப் பாருங்க, நெழலு இன்னும் எறங்கல. முள்ளத் திருப்பி வைங்க. எந்தம்பி முறை இது" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. உன் தம்பிக்காகப் பேசுகிறாயா என்று கேட்டு அறைந்தேன். அவள் கதவு நிலையில் போய் மோதி நெற்றி கிழிந்தது. அவள் சொல்வது நிஜம் என்று கை ஓங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அறைந்தேன். அப்போது முள்ளைத் திருப்பி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஒருவனும் செத்திருக்க மாட்டான். ஆனால் கடிகாரம் நின்றது என்று அவள் யாரிடமாவது சொல்லிவிட்டால் அடைக்கலத்தின் கால் மாதிரிதான் என் கடிகாரமும் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். முள் பன்னிரண்டைத் தொட்டதும் போய்த் தண்டவாளத்தை அடித்தேன். அப்போது நிஜமான நேரம் பதினொன்றே கால்.

வேலுவின் நான்கு வயல் நனைந்திருந்தது. தாழ்ந்த மூலையில் இருக்கும் கடைசி வயலில் மண் பிளந்து கிடந்தது. கருப்பையா மண்வெட்டியோடு வாய்க்காலை மறிக்க இறங்கினான். வேலு வாய்க்காலுக்குக் குறுக்கே காலை அகட்டி நின்றுகொண்டான். நான் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி கரைமேல் நின்றேன்.

"மச்சான், நெழலப் பாருங்க" என்றான் வேலு. "இன்னும் மேக்க சாஞ்சு கெடக்கு. உச்சியே ஆகல. ஒரு வயலு பாக்கி இருக்கு."

"நெழலு ஆளுக்கு ஆளு மாறும் மாப்ள. மணி மாறாது. எறங்கு" என்றேன்.

"தலைய நிமித்தி ஒரே ஒரு தடவ பாருங்க மச்சான். நான் வேற ஒண்ணும் கேக்கல."

நான் தலையை நிமிர்த்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டு அஞ்சு" என்று சத்தமாகச் சொன்னேன். கருப்பையா, "அண்ணன் மணி சொல்லிருச்சுல்ல, வழிய விடுறா" என்று மண்வெட்டிக் காம்பால் வேலுவின் முழங்கையில் அடித்தான். வேலு நகரவில்லை. இரண்டாவது அடி அவன் நெற்றியில் விழுந்தது, கண்ணெல்லாம் ரத்தம். மூன்றாவது அடிக்குக் கருப்பையா வெட்டும் இலைப் பக்கத்தைத் திருப்பினான். அது விழுவதற்குள் வேலுவின் மண்வெட்டி வந்துவிட்டது. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் இறங்கியது. வேலு அதைப் பிடுங்கக் கால் வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. கருப்பையா வாய்க்காலில் குப்புற விழுந்தான். தண்ணீர் சிவப்பாகி, வேலு கேட்ட அந்தக் கடைசி வயலுக்குத்தான் போனது. நான் ஓடி இறங்கித் தம்பியின் தலையை மடியில் வைத்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நுரைதான் வந்தது. கடிகாரம் என் மற்றொரு கையில் ஓடிக்கொண்டிருந்தது. என் தம்பி உயிர் போகிற வரைக்கும் அதை நான் கீழே வைக்கவில்லை.

வேலு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இலுப்பூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனான். நாங்கள் சாயங்காலத்துக்குள் அவன் வீட்டைக் கொளுத்தினோம். பங்காளிகள் பதினைந்து பேர் கம்போடும் அரிவாளோடும் வந்தார்கள், ஆனால் முதல் தீக்குச்சியைக் கிழித்தவன் நான். வைக்கோல்போரில் வைத்தேன், கூரைக்குப் பிடித்தது. தொழுவத்தில் அவன் உழவு மாடு இரண்டும் கட்டிக் கிடந்தன. அவிழ்க்கப் போன கிழவர் ஒருவரை நான் நெஞ்சில் உதைத்துத் தள்ளினேன். மாடு கத்துவதை அவ்வளவு கிட்டத்தில் கேட்டவன் அதற்குப் பிறகு தூங்குவது சிரமம். உன் ஆத்தா தெருமுனையில் நெற்றிக் காயத்தோடு நின்று பார்த்தாள். தான் பிறந்த வீடு எரிவதை அவள் கூரையின் கடைசிக் கழி விழுகிற வரை பார்த்தாள். அழவில்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்கப்பாவச் சாப்புடச் சொல்லு" என்று உன்னிடம்தான் சொல்வாள். ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்று நீ கேட்டபோது, தம்பி கொலைகாரனாகிவிட்ட துக்கம் என்று சொன்னேன்.

புதுக்கோட்டையில் கேஸ் நடந்தது. தன் முறை முடியவில்லை, கருப்பையாதான் அத்துமீறி வந்து முதலில் அடித்தான் என்று வேலு சொன்னான். அவனுக்காக வந்த வக்கீல், உங்கள் கடிகாரம் அன்று நின்றதா என்று என்னைக் கேட்டார். "நாலு வருசமா ஒரு நிமிசம் பெசகினது இல்லைங்க" என்றேன். உங்கள் தம்பி முதலில் அடித்தாரா என்று கேட்டார். "நான் மணியப் பாத்துக்கிட்டு இருந்தேன், கவனிக்கலைங்க" என்றேன். கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக் காட்டச் சொன்னார்கள். எல்லாரும் அது ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். மனிதர்கள் சொல்லும் சாட்சியில் விருப்பு வெறுப்பு இருக்கலாம், இதற்கு இல்லை என்கிற மாதிரிதான் பேச்சுப் போனது. வேலுவுக்கு ஆயுள் தண்டனை. நான் சாட்சி சொன்ன அன்று காலையில் உன் ஆத்தா சேலை மாற்றிக்கொண்டு, கோர்ட்டுக்குத் தானும் வரப்போகிறவளாக வாசலில் வந்து நின்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். முடியைப் பிடித்து இழுத்துப்போய், நெல் வைக்கிற உள்ளறையில் தள்ளிப் பூட்டிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் கை விரலெல்லாம் கட்டுப் போட்டிருந்ததே, அது அந்தக் கதவைத் தட்டிய கை.

கேஸுக்குப் பிறகு ஊரில் கடிகாரத்தின் மதிப்பு இன்னும் ஏறியது. கோர்ட்டே ஒப்புக்கொண்ட மணி என்றார்கள். நேற்றுவரைக்கும் நான் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். உன் ஆத்தா மட்டும் அதைக் கேட்டு ஒரு காரியமும் செய்ததில்லை. அடுப்படிச் சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் விழும் இடத்தில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். நீ சின்ன வயதில் கோலம் என்று நினைத்துப் பக்கத்தில் பூ வரைந்தாய். அது அவளுடைய நேரம். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது, கோடு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவனை அந்தச் சுவரைத் தொட நான் விடவில்லை. ஆனால் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குத்தான் நான்.

வேலு விடுதலையாகி வந்துவிட்டான் என்று ஆடியில் கேள்விப்பட்டேன். நார்த்தாமலைப் பக்கம் ஒரு குவாரியில் கல் உடைக்கிறான் என்றார்கள். உன்னிடம் சொல்லவில்லை, போகவும் துணியவில்லை. விருந்தில் நீ அப்பா மணி மாதிரி என்று சொன்ன பிறகு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. உனக்கு மாலை போட்டுக் கையசைத்துவிட்டு அப்புறம் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் என்றால் போகமாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். நீ எழுவதற்கு முன் கிளம்பி, நார்த்தாமலைக்குப் போனேன்.

அவன் பாறைச் சரிவில் உட்கார்ந்து சம்மட்டியால் கல் பிளந்துகொண்டிருந்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது, என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மச்சான்" என்றான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் முதலில் வந்தது அந்த வார்த்தைதான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி கொடுக்காதது, லாரி ஹாரன், பஸ், கோர்ட்டு. அவன் சம்மட்டியைக் காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு கேட்டான். அது என் தலையில் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"எம்புட்டு நேரம் மச்சான்?" என்றான்.

"முக்கா மணி நேரம் மாப்ள."

"முக்கா மணியா" என்று சொல்லி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். "அரைமணி இருந்தாலே அந்த வயலு நனைஞ்சிருக்கும். நான் சரியாத்தான் சொல்லிருக்கேன். ஜெயில்ல கெடந்து எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நாமதான் நெழலத் தப்பாப் பாத்துட்டோமோன்னு." அப்புறம் கேட்டான், "அக்காவுக்கு இது தெரியுமா?"

"அவதான் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அறைஞ்சேன்."

சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் என்னை அடித்தான். கல் உடைக்கிற கை. ஒரே அடியில் பாறையில் விழுந்தேன், பல் இரண்டும் அங்கேயே போய்விட்டது. சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தான். அவன் வீட்டைக் கொளுத்தியவன், மாட்டை எரித்தவன், பதினோரு வருஷத்தைத் தின்றவன் எதிரில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது வராத கோபம், அக்காளை அறைந்தேன் என்றதும் வந்தது. மூன்றாவது தடவை ஓங்கி, அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, "கொப்புளிங்க" என்றான். நான் கொப்பளித்துத் துப்பிய பிறகு, "எங்கிட்டச் சொன்னா ஆச்சா? ஊருல சொல்லுங்க. நானும் வந்து நிக்கிறேன்" என்றான்.

இந்த வருஷமும் மழை இல்லை. முறை பிரிக்க வருகிற வெள்ளிக்கிழமை புளியமரத்தடியில் ஊர் கூடுகிறது. அங்கே சொல்லப்போகிறேன். கருப்பையாவின் மகன்கள் இரண்டு பேரும் இப்போது வாலிபர்கள் ஆகிவிட்டார்கள். அப்பனைக் கொன்றவன் ஊருக்குள் கால் வைத்தால் வெட்டுவோம் என்று என் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அன்று வேலு கால் வைக்கப்போகிறான். நான் நடுவில் நிற்பேன். அவர்கள் அரிவாள் யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியாது. என் மேல் விழுந்தால் கேஸ் கொடுக்காதே, அவர்கள் மேல் கோபப்படாதே. அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்தது நான். நீ கிளம்பி வரவும் வேண்டாம். நீ வந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

உன் இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை வெறுக்கச் சொல்லவில்லை, நான் கடிகாரத்தையும் வெறுக்கவில்லை. சாவி கொடுத்தால் ஓடுகிறது, அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் அதற்குச் சாவி கொடுக்கிறவன் ஒருவன் இருப்பான், சின்னையா. அவன் முந்தின நாள் அலுத்துப்போய் மறந்திருப்பான். லாரியைப் பஸ் என்று நினைத்து முள்ளை வைத்திருப்பான். சரியாகச் சொன்னவளை அறைந்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான். அதெல்லாம் வெளியே தெரியாது, முள் மட்டும்தான் தெரியும். உன் இயந்திரம் ஒரு பட்டியலைப் போட்டு நீட்டும்போது, எங்கேயோ ஒருவன் வாய்க்காலுக்குக் குறுக்கே நின்று, ஒரே ஒரு தடவை வெளியே பாருங்கள் என்று உன்னைக் கேட்பான். அவன் எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருக்கலாம், கோபக்காரனாக இருக்கலாம். நீ எழுந்து போய்ப் பார். மேனேஜர் திட்டினாலும் பார். பார்த்த பிறகு இயந்திரம் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் அவனிடம் அதைச் சொல். நான் தலையை நிமிர்த்தியிருந்தால் ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

கடிகாரத்துக்கு நேற்றிலிருந்து சாவி கொடுக்கவில்லை. இன்று காலை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் உன் அம்மான் வந்துவிடுவான். அவனைப் புளியமரத்தை விட்டு வெயிலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவன் தன் நிழலைப் பார்த்து உச்சி ஆயிற்று என்று சொல்லும்போது, நான் தண்டவாளத்தை அடிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா